37ஆவது சுழற்சி: அறுவை சிகிச்சைக்கு முந்தைய வைரஸ் பரிசோதனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நான் மயக்கவியல் மருத்துவர். இங்கே எழுதுவது 2021ஆம் ஆண்டின் நடுவில், ஒரு கொரோனா அலை வடிந்துகொண்டிருந்த நாட்களில் தொடங்கிய நிகழ்வு. நோயாளியும் அவருடைய மகளும் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். யார் மீதும் பழி சுமத்துவது நோக்கமல்ல. அந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்த தாளில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

நோயாளி

வயது 62. மரவேலை செய்பவர். இரண்டு மாதங்களாக மலத்தில் இரத்தம் கலந்து வந்திருக்கிறது. மூலம் என்று நினைத்து விட்டுவிட்டார். மலம் மெலிந்து போகத் தொடங்கியதும் மகள் வற்புறுத்தி அழைத்து வந்தார். கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், பெருங்குடலின் இடது கீழ்ப்பகுதியான சிக்மாய்டில் வளையம்போல் சுற்றி வளர்ந்த ஒரு கட்டி தெரிந்தது. "கருவி கட்டியைத் தாண்டிச் செல்லவில்லை" என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

திசு ஆய்வு புற்றுநோயை உறுதிசெய்தது. ஸ்கேனில் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஹீமோகுளோபின் 10.2. இரண்டு மாடி நிற்காமல் ஏறக்கூடியவர். மயக்க மருந்து கொடுப்பவருக்குக் கவலை தராத உடல்நிலை. கட்டி இருந்த குடல் பகுதியை சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைத்துவிடுவது என்று திட்டம். மலம் சேர வயிற்றில் பை தேவைப்படாது என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பரிசோதனை

எங்கள் பிரிவில் அப்போது இருந்த விதிப்படி, திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்பப்படும். "கடந்த 14 நாட்களில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத் திணறல், வாசனை இழப்பு ஏதேனும் இருந்ததா?" அவர் ஐந்துக்கும் "இல்லை" என்றார். "அறிகுறி இல்லை" என்ற கட்டத்தில் செவிலியர் குறியிட்டார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பதிந்தார்கள்.

மறுநாள் மாலை வந்த அறிக்கையில் "கண்டறியப்பட்டது" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அறுவை அரங்கப் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. பாசிட்டிவ் என்றால் ஏழு வாரம் தள்ளிவைக்க வேண்டும் என்பது விதி. ஏழு வாரம் கழித்து ஒரு தேதி கொடுக்கப்பட்டது. வீட்டில் தனிமையில் இருக்கும்படி தொலைபேசியில் சொன்னார்கள். அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், நுண்ணுயிரியல் மருத்துவர் என்று மூவர் சம்பந்தப்பட்ட முடிவு அது. மூவரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. விதி இருக்கும்போது பேச என்ன இருக்கிறது என்பதுதான் அன்றைய மனநிலை.

26ஆம் நாள்

அறிக்கை வந்த 26ஆம் நாள் அதிகாலையில் அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்களாக மலமும் இல்லை, காற்றும் பிரியவில்லை. வயிறு பறைபோல் உப்பியிருந்தது. முந்தைய இரவிலிருந்து வாந்தி. சி.டி. ஸ்கேனில், கட்டிக்கு மேலே இருந்த பெருங்குடல் முழுவதும் விரிந்து, அதன் தொடக்கப் பகுதியான சீக்கம் 11 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தது. இன்னும் சற்று விரிந்தால் கிழியக்கூடிய நிலை.

"தேதி வரட்டும், அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னார்களே, அதனால்தான் அப்பா இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார், டாக்டர்" என்றார் மகள். அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் "தனிமையில் இருங்கள்" என்பதை அவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். வயிறு உப்பினாலோ வாந்தி வந்தாலோ உடனே வர வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. இடைப்பட்ட 26 நாட்களில் எங்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் போகவில்லை.

அன்று எடுத்த பிசிஆர் நெகட்டிவ். காலையிலேயே வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியுள்ள பகுதி வெட்டியெடுக்கப்பட்டது. விரிந்து வீங்கியிருந்த குடலை இணைத்தால் தையல் பிரியும் ஆபத்து இருந்ததால், மேல்முனையை வயிற்றுத் தோலில் செயற்கை மலவாயாகப் பொருத்தி, கீழ்முனையை மூடினார்கள். இதற்கு ஹார்ட்மன் அறுவை சிகிச்சை என்று பெயர். பிறகு காயத்தில் சீழ் பிடித்தது. 16 நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். கண் விழித்ததும் அவர் கை முதலில் தடவியது வயிற்றின் இடது பக்கத்தை.

மர வாசனை

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். மயக்க மருந்து தொடர்பாக வழக்கமாகக் கேட்பவற்றைக் கேட்டுவிட்டு, படுக்கையருகே உட்கார்ந்து, "ஐயா, இந்த ஆண்டில் எப்போதாவது காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்தது. இங்கே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதற்கு ரொம்ப முன்னால். இரண்டு நாள் காய்ச்சல். அதோடு பத்து நாள் அறுத்த மரத்தின் வாசனை தெரியவில்லை. ரம்பம் போட்டால் பட்டறையே மணக்கும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சளி என்று விட்டுவிட்டேன்."

மகள் நாட்களை எண்ணிச் சொன்னார். பரிசோதனைக்கு ஒன்பது வாரங்களுக்கு முன்பு. வீட்டில் இன்னும் இருவருக்கும் அப்போது காய்ச்சல் இருந்திருக்கிறது. ஒருவரும் பரிசோதித்துக்கொள்ளவில்லை.

ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பழைய பதிவை எடுத்துப் பார்த்தார்கள். தேடிய இரண்டு வைரஸ் மரபணுக்களில் ஒன்று மட்டும், 37ஆவது சுழற்சியில் தென்பட்டிருந்தது. இந்த எண்ணின் பொருளைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று தென்படவே இல்லை. பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் வைரஸின் உட்புரதத்துக்கு எதிரான ஐஜிஜி எதிர்ப்பொருள் இருந்தது. அவர் எடுத்துக்கொண்ட தடுப்பூசி இந்த எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. தொற்று வந்துபோனால்தான் உண்டாகும். அவசர அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த இரத்தம் என்பதால் இது மட்டுமே முழுச் சான்றாகாது. ஆனால் ஒன்பது வாரத்துக்கு முந்தைய காய்ச்சல், இழந்த வாசனை, வீட்டிலிருந்தோரின் காய்ச்சல், ஒற்றை மரபணு, 37 என்ற எண், அடுத்து வந்த நெகட்டிவ் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறு விளக்கம் பொருந்தவில்லை. நாங்கள் கண்டுபிடித்தது பழைய தொற்றின் எச்சம். ஏழு வாரக் கணக்கை அவர் அறுவை சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்.

அந்த எண் என்ன சொல்கிறது

பிசிஆர் இயந்திரம் மரபணுத் துணுக்கை ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. வைரஸ் நிறைய இருந்தால் குறைந்த சுழற்சிகளிலேயே தெரிந்துவிடும். கொஞ்சமாக இருந்தால் பல சுழற்சிகள் ஓட வேண்டும். 20ஆவது சுழற்சியில் தெரியும் மாதிரிக்கும் 37இல் தெரியும் மாதிரிக்கும் இடையே 17 இரட்டிப்புகள் உண்டு. அதாவது ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு. இரண்டுக்கும் எங்கள் தாளில் அச்சானது ஒரே சொல்.

இயந்திரம் பார்ப்பது மரபணுத் துணுக்கை. அது உயிர்ப்புள்ள வைரஸிலிருந்து வந்ததா, சிதைந்துபோன வைரஸின் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. லேசான தொற்று வந்தவர்களிடம் பிறருக்குப் பரவக்கூடிய வைரஸ் பத்து நாட்களுக்குப் பிறகு அரிதாகவே கிடைக்கிறது. துணுக்குகளோ பல வாரங்களுக்கு, சிலரிடம் மூன்று மாதம் வரைகூட, மூக்கில் கிடைத்துக்கொண்டிருக்கும்.

அதற்காக 37 என்றாலே பழையது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இன்று தொற்றி நாளை பெருகப்போகும் வைரஸும் முதல் நாளில் இதே எண்ணைக் காட்டலாம். மலையில் ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே மைல்கல்லைக் கடக்கிறார்கள். ஒரு படத்தை வைத்துத் திசையைச் சொல்ல முடியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இன்னொரு மாதிரி எடுத்திருந்தால் திசை தெரிந்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாட்கள் இருந்தன. எடுக்கவில்லை.

விதி எங்கிருந்து வந்தது

அன்றைய விதியை மூடத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020இன் தொடக்கத்தில் வூகானில், தொற்று இருப்பது தெரியாமல் திட்டமிட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்ட 34 பேரில் 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் வெளியான கோவிட்சர்ஜ் ஆய்வில், 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்போ பின்போ தொற்று உறுதியான 1,128 நோயாளிகளில் 23.8 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது அவசர அறுவை சிகிச்சை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த எண்களைப் படித்த எந்த மயக்கவியல் மருத்துவரும், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தக் குனியும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்காகவும் தனக்காகவும் பயந்திருப்பார். நானும் பயந்தேன். எல்லோரையும் பரிசோதிப்போம் என்று கேட்டவர்களில் நானும் உண்டு.

ஏழு வாரம் என்பது அடுத்து வந்தது. 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,40,231 பேரை ஆராய்ந்து, 2021 மார்ச்சில் முடிவுகள் வெளியாயின. தொற்றே வராதவர்களிடம் 30 நாள் இறப்பு 1.5 விழுக்காடு. தொற்று கண்டறிந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் 4.1, ஐந்து, ஆறு வாரங்களில் 3.6, ஏழு வாரம் கடந்ததும் மறுபடியும் 1.5. அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டது "ஏழு" என்ற எண்ணை மட்டும். அதே ஆய்வில், ஏழு வாரம் கடந்த பிறகும் அறிகுறிகள் நீடித்தவர்களிடம் இறப்பு 6 விழுக்காடாகவும், அறிகுறியே வராதவர்களிடம் 1.3ஆகவும் இருந்ததை எத்தனை படிவங்கள் ஏற்றுக்கொண்டன? நாட்காட்டியைப் பார்ப்பதைவிட நோயாளியிடம் கேட்பது முக்கியம் என்பது அந்த ஆய்விலேயே இருந்தது. தவிர, நாட்களை எண்ணத் தொடங்க வேண்டியது தொற்று வந்த நாளிலிருந்து. நாங்கள் எண்ணியது அறிக்கை வந்த நாளிலிருந்து.

தொற்று குறையும்போது என்ன ஆகிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறேன். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட கணக்கு. ஒரு பரிசோதனை, தொற்றுள்ள 100 பேரில் 80 பேரைக் கண்டுபிடிக்கிறது. தொற்றில்லாத 1,000 பேரில் 5 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. அலை உச்சத்தில் இருக்கிறது, அறிகுறி இல்லாத 10,000 பேரில் 500 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். 400 பேரைச் சரியாகவும் 48 பேரைத் தவறாகவும் பாசிட்டிவ் என்போம். பத்தில் ஒன்பது பாசிட்டிவ் உண்மை. அலை ஓய்ந்து, அதே 10,000 பேரில் 10 பேருக்கு மட்டுமே தொற்று இருந்தால்? சரியாகப் பிடிபடுவது 8 பேர். தவறாகத் தள்ளிவைக்கப்படுவது 50 பேர். ஏழு பாசிட்டிவ்களில் ஒன்றுதான் உண்மை. பரிசோதனை அதேதான், இயந்திரமும் அதேதான். மாறியது வெளியே உள்ள உலகம். எங்கள் விதிக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. பழைய தொற்றின் எச்சங்களை இந்த 50 பேரோடு நான் சேர்க்கவே இல்லை. ஒரு பெரிய அலை வடிந்த மாதங்களில் அவை இன்னும் அதிகமாக இருக்கும்.

நெகட்டிவ் தரும் நிம்மதியும் இதே அளவுக்குப் பலவீனமானது. 2020இல் குசிர்காவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். தொற்றிய நான்காம் நாளில் பிசிஆர் செய்தால், தொற்றுள்ளவர்களில் 67 விழுக்காட்டினருக்கு நெகட்டிவ் என்று வரும். அறிகுறி தொடங்கும் நாளில்கூட 38. மிகவும் நம்பத்தக்க எட்டாம் நாளில் 20. "நெகட்டிவ்" என்ற தாளைப் பார்த்ததும் அரங்கில் முகக்கவசம் தளர்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எலெக்டிவ் என்ற சொல்

எங்கள் பட்டியலில் குடலிறக்கமும் புற்றுநோயும் "எலெக்டிவ்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன. எலெக்டிவ் என்றால் காத்திருக்கலாம் என்று பொருளாகாது. நாள் குறித்துச் செய்யலாம் என்றுதான் பொருள். கருவி தாண்ட முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்த கட்டி, எந்தக் கணக்கிலும் ஏழு வாரம் காத்திருக்கக்கூடியது அல்ல. உண்மையிலேயே அவருக்குப் புதிய தொற்று இருந்திருந்தாலும், கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தொற்றோடு அறுவை சிகிச்சை செய்வதன் ஆபத்து அதிகமா, அடைப்பு வரக் காத்திருப்பதன் ஆபத்து அதிகமா? பதில் எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும், அதைக் கேட்டிருந்தால் கொலோனோஸ்கோபி அறிக்கையின் அந்த ஒரு வரியை யாராவது படித்திருப்பார்கள்.

இவருடைய கோப்பில் இன்னும் மூன்று பரிசோதனைத் தாள்கள் இருந்தன: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. அறுவை சிகிச்சைக்கு முன் இவை எடுக்கப்படுவது வழக்கம், ஏன் என்று கேட்டால் "ஊழியர் பாதுகாப்பு" என்பார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் இந்தப் பரிசோதனைகளும் நெகட்டிவ் காட்டும். அதனால்தான் எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987லேயே வலியுறுத்தியது. நெகட்டிவ் தாளை நம்பி ஊசியைக் கவனக்குறைவாகக் கையாளும் கை, பரிசோதனையால் பாதுகாக்கப்பட்ட கை அல்ல. ஆனால் இதே நோயாளிக்குப் பின்னர் கீமோதெரபி தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையை விரிவாகச் செய்தார்கள். அது அவசியமானது. கீமோதெரபியின்போது உடலில் உறங்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கக்கூடும். பாசிட்டிவ் என்றால் முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம். ஒரே வைரஸ்தான். இரண்டாவது முறை, பதில் வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்டார்கள்.

மாற்றியவை

இந்த நிகழ்வை எங்கள் பிரிவுக் கூட்டத்தில் வைத்தோம். பரிசோதனையை உடனே நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கு இருக்கவில்லை. படிவத்தை மாற்றலாம், மாற்றினோம். "14 நாட்கள்" என்பது "மூன்று மாதங்கள்" ஆனது. வீட்டிலிருப்பவர்களைப் பற்றியும் கேட்கத் தொடங்கினோம். பாசிட்டிவ் அறிக்கையில் சுழற்சி எண்ணும் எத்தனை மரபணுக்கள் என்பதும் வர வேண்டும் என்று ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டோம். பாசிட்டிவ் வந்தால் அன்றே மூன்று மருத்துவர்களும் பேச வேண்டும். பட்டியலில் பெயரை அடிப்பது அதற்குப் பிறகுதான். தள்ளிவைக்கப்பட்ட புற்றுநோயாளிகளுக்கு வாரம் ஒரு முறை தொலைபேசி அழைப்பு. எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை ஒரு செவிலியர் வீட்டுக்கு அழைத்து "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது.

2022 டிசம்பரில், மருத்துவமனைத் தொற்று வல்லுநர்களின் அமெரிக்க அமைப்பான ஷியா, அறிகுறியற்ற எல்லோரையும் வழக்கமாகப் பரிசோதிப்பது வேண்டாம் என்று பரிந்துரைத்தது. தடுப்பூசியும் லேசான திரிபுகளும் வந்த பிறகு ஏழு வாரம் என்ற பொதுவிதியும் தளர்ந்து, ஒவ்வொரு நோயாளியின் ஆபத்தையும் தனியாக எடைபோடும் முறை வந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை, எலும்பு மஜ்ஜை மாற்று, வார்டுக்குள் தொற்று பரவும் நேரம் போன்றவற்றில் அறிகுறி இல்லாதவரையும் பரிசோதிப்பதற்கு இன்றும் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. நோய் எதிர்ப்பாற்றலை முழுவதுமாக அடக்கப்போகும் சிகிச்சைக்கு முன் ஒரு வைரஸைத் தவறவிடுவது, ஒரு நாள் தள்ளிப்போவதைவிடப் பல மடங்கு கொடியது.

இரண்டாவது முறை

அவருக்கு வெட்டியெடுத்த நிணநீர் முடிச்சுகள் இரண்டில் புற்றுநோய் இருந்தது. கீமோதெரபி முடித்து, 2022 ஜனவரியில் செயற்கை மலவாயை மூடிக் குடலை இணைக்க வந்தார். ஒமைக்ரான் அலை எழுந்துகொண்டிருந்தது. 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ். விதிப்படி அவர் தகுதியானவர்.

முந்தைய மாலை அழைப்பில் மகள் பேசினார். "அப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து தொண்டை கரகரப்பாக இருக்கிறது. பேரனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தோம். மறுபடியும் தள்ளிவைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது."

காலையில் மறுபடியும் மாதிரி எடுத்தோம். 19ஆவது சுழற்சியில், இரண்டு மரபணுக்களும். இந்த முறை மூவரும் அவர் அருகிலேயே நின்று பேசினோம். மலவாயை மூடுவது காத்திருக்கக்கூடிய வேலை என்பதை அவரிடமே விளக்கினேன். எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. வாரந்தோறும் அழைத்தோம். எட்டாவது வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் காற்று பிரிந்தது, ஐந்தாம் நாள் மலம் போனது, எட்டாம் நாள் வயிற்றில் பை இல்லாமல் வீட்டுக்குப் போனார்.